ஒரு வரியைத் திருப்பி வாங்கத் தருவைகுளம் போனேன்

காலை 6.10, ஆறுமுகநேரி

கிறிஸ்டி, டேனி, நீங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை விடுமுறையன்று அப்பா எங்கே போனார், கப்பல் பார்த்தாரா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பன்னிரண்டாவதும் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியும்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மூக்குக்கண்ணாடியின் வலது காலை நூலால் கட்டியிருந்தேன். வியாழக்கிழமை அது உடைந்ததற்கு, கிறிஸ்டி, நீ எழுதித் தந்த மன்னிப்புக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. ‘இனி இதுபோல் நடக்காது’ என்று அழகாக முடித்திருந்தாய். எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வாசகம்தான் அது.

தூத்துக்குடிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். ஆத்தூர் வரை வாழையும் வெற்றிலைக் கொடியும். முக்காணிப் பாலத்தில் ஆறு கொஞ்சமாய் ஓடியது. பழையகாயல் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம்; காலை வெயிலில் கண் கூசியது.

எங்கள் ஆசிரியர் சங்கத்தில் நான் பள்ளிப் பிரதிநிதி ஆனதே ஒரு கூத்து. ‘பிரதிநிதியாக யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்ட நேரத்தில், மின்விசிறியைக் குறைக்கச் சொல்ல நான் கை தூக்கினேன். பெயரை எழுதிவிட்டார்கள். பிரதிநிதி என்றால் மற்ற ஆசிரியர்களுக்கு ஒரு கஷ்டம் வரும்போது கூட நிற்க வேண்டியவன். எப்படி நிற்பது என்று சொல்லித்தர இன்று ஒரு நாள் பயிற்சி.

ஆனால் கஷ்டம் பயிற்சிக்கு முன்பே வந்துவிட்டது. எங்கள் பள்ளி ரோஸ்லின் டீச்சருக்குத் திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மெமோ வந்தது. இடைவேளையில் ஒரு பையன் விழுந்து கை ஒடிந்துபோனான். மேற்பார்வை உங்களுடையது, உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாளில் பதில் தருக என்று. நடவடிக்கை என்றால் சம்பள உயர்வு நிற்கும், தூரத்துக்கு மாறுதல் வரும். டீச்சரின் கணவர் கப்பலில் வேலை. ஒன்றரை வயதுக் குழந்தையோடு தனியாக இருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் அழுதுகொண்டே வந்தார். நான் அரைமணியில் பதில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் கையெழுத்தில் பார்த்தெழுதி, சொந்த ஊரான தருவைகுளத்தில் இன்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். அங்கே அவர் அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.

காலை 9.30, கடற்கரைச் சாலைப் பக்கம்

பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். பயிற்சி ஒரு மாடிக் கூடத்தில். ஜன்னல் வழியே பழைய துறைமுகத்தின் தோணிகள் தெரிந்தன. மாலத்தீவுக்கு வெங்காயமும் கருங்கல்லும் கொண்டுபோகும் மரத்தோணிகள். பெரிய கப்பல் எதுவும் தெரியவில்லை, டேனி.

நாங்கள் இருபது பேர். பயிற்சி நடத்திய செல்வமேரி டீச்சர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். “ஆளுக்கொரு கேசைச் சொல்லுங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னும் சொல்லுங்க” என்றார். நான் பெருமையாக எழுந்து, என் பதிலின் நகலை வாசித்தேன்.

முடித்ததும் செல்வமேரி டீச்சர் என்னை உட்காரவிடவில்லை.

“அண்ணாச்சி, அந்தக் கடைசி வரிய இன்னொருக்க வாசிங்க.”

“‘என் கவனக்குறைவுக்கு மிகவும் வருந்துகிறேன். இனி இதுபோல் நடக்காது.’”

பக்கத்தில் இருந்த முத்தையா சார் தலையில் கை வைத்தார். அவர் கயத்தாற்றுக்காரர். வெள்ளைக்காரன் பாளையக்காரரைத் தூக்கிலிட்ட ஊர் என்று உங்கள் பாடத்தில் வருமே, அந்தக் கயத்தாறு.

“எங்க ஊருல தூக்குல போட்டவன்கூட மொத விசாரணைன்னு ஒண்ணு வச்சாம்வே. நீரு விசாரணைக்கு முன்னாலயே கயித்தத் திரிச்சுக் கையில குடுத்துட்டீரே!”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வமேரி டீச்சர் சிரிக்கவில்லை.

“கவனக்குறைவுன்னு அவங்க மெமோல போட்டிருக்காங்க. ஆமா, கவனக்குறைவுதான்னு நீங்க கையெழுத்து வாங்கிக் குடுக்கீங்க. இதுக்கு மேல அவங்க எதை விசாரிக்கணும்? சரி, அண்ணாச்சி, அந்த டீச்சர்ட்ட மொதக் கேள்வி என்ன கேட்டீங்க?”

நான் யோசித்தேன். “கேக்கலம்மா. அவங்க அழுதாங்க. நான் எழுதிட்டேன்.”

“நாம எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு” என்றார் மற்றவர்களைப் பார்த்து. “கிளாஸ்ல ஒரு பய அழுதான்னா, என்ன ஏதுன்னு கேக்க மாட்டோம். மன்னிப்பு எழுதிட்டு வாலேன்னுதான் சொல்லுவோம். அதே கையால மெமோவுக்கும் பதில் எழுதுதோம்.” பிறகு என்னிடம், “லெட்டர் போயிட்டா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

காலை 11.40

ரோஸ்லின் டீச்சருக்கு ஏழு தடவை போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். கோயிலுக்குள் இருப்பார். “நேர்ல போங்க” என்றார் செல்வமேரி டீச்சர். “போனதும் எத்தனை மணிக்கு எதுன்னு மணிப்படி கேளுங்க. என்ன நடந்துச்சு, யாரு சொன்னா, எழுத்துல உண்டா. அவங்க சொல்லி முடிக்க வரைக்கும் பேனாவத் தொறக்கக் கூடாது.” முத்தையா சார் சிரிப்பை விட்டுவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை என் பையில் வைத்தார்.

தருவைகுளம் பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. ஆட்டோ பிடித்தேன், முந்நூற்றைம்பது ரூபாய்.

“ஆஸ்பத்திரிக்கா அண்ணாச்சி? இப்பிடி வேத்திருக்கு?” என்றார் ஓட்டுநர்.

“இல்ல, தபாலாபீசுக்கு.”

“ஒரு லெட்டர் போடவா இந்த ஓட்டம்?”

“போடாம இருக்கதுக்கு.”

அவர் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகம் எடுத்தார். வடக்கே பதினைந்து கிலோமீட்டர். எனக்கு நாற்பதாகத் தெரிந்தது. வழியெல்லாம் உப்பளம், அம்பாரம் அம்பாரமாய் உப்பு. விஷயத்தைச் சொன்னேன். நேரம் போக வேண்டுமே என்று அவரும் ஒரு கதை சொன்னார். அவர் அப்பா இந்தக் கடலில் சங்கு குளித்தவராம். அப்பா கீழே முங்கியிருக்க, தோணியில் கயிறு பிடிப்பது தாய்மாமன்.

“மாமா ஒருநாள் பீடி பத்த வைக்கன்னு கயித்தத் தோணிக் கட்டைல சுத்திட்டாரு. கீழ அப்பா ஆட்டுதாரு, ஆட்டுதாரு, இவருக்குத் தெரியல. எப்படியோ மேல வந்துட்டாரு. வந்ததும் மூச்சு விட்டாரோ இல்லியோ, மாமாவ ஒரு அறை! கயிறு பிடிக்கவனுக்குப் பீடி எதுக்குங்கேன்?”

நான் சிரித்தேன். ஆனால் அந்த அறை என் கன்னத்தில்தான் விழுந்தது.

பகல் 12.25, தருவைகுளம்

தபால் நிலையம் ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா.

“ரோஸ்லினா? பத்தரைக்கே போட்டுட்டுப் போயிட்டாளே, பட்டுச்சேல கட்டிக்கிட்டு.”

“தபால் பை போயிட்டா?”

“இல்ல, ரெண்டு மணிக்குத்தான் போவும். ஆனா உங்க கையில தரமுடியாது. அனுப்புன ஆளு வந்து எழுதிக் கேட்டாத்தான்.”

ஓட்டுநர் ஆட்டோவைக் கோயில் பக்கம் திருப்பினார். விருந்து நடந்துகொண்டிருந்தது. ரோஸ்லின் டீச்சர் கையில் பிரியாணி வாளியோடு வந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது.

“சாமுவேல் சார்! மாறுதல் ஆர்டர் வந்துட்டா?”

“வரல டீச்சர். நான்தான் தப்பு பண்ணிட்டேன். வாங்க.”

வாளியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு அப்படியே வந்தார். தபால் நிலையத்தில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். டீச்சர் எழுதத் தொடங்கினார்: ‘மதிப்பிற்குரிய அம்மா, தங்களுக்குக் கொடுத்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன். இனி…’

“டீச்சர்!” என்று கத்திவிட்டேன். “இன்ன கடிதம், இன்ன நேரம் போட்டேன், திருப்பித் தரவும். அவ்வளவுதான்.”

தபால் அம்மா சிரித்துவிட்டார். “வருத்தத்துக்கெல்லாம் இங்கன முத்திரை இல்ல, ஏளா. தேதியப் போடு.”

ஒரு மணிக்குக் கடிதம் எங்கள் கையில் இருந்தது.

பகல் 1.15

கோயிலுக்கு வெளியே ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். எதிரே கடல், படகுகள் கரையில் கிடந்தன. பேனாவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டேன்.

“அன்னிக்கு இடைவேளை பெல் எப்ப அடிச்சது?”

“பத்து அம்பது.”

“நீங்க எங்க நின்னீங்க?”

“மைதானத்துலதான் சார். ரெண்டு நிமிசத்துல தலைமையாசிரியர் வரச் சொன்னாங்க, கம்ப்யூட்டர்ல வருகைப் பதிவு ஏறலன்னு. நான் போனேன். அஞ்சு நிமிசத்துல சத்தம் கேட்டுது.”

“வரச் சொன்னது வாயாலயா?”

“இல்ல, பள்ளி வாட்ஸ்அப்ல.” போனைத் திறந்து காட்டினார். ‘ரோஸ்லின் டீச்சர் உடனே அலுவலகம் வரவும்.’ பக்கத்தில் 10.52 என்று இருந்தது.

“இத ஏன் டீச்சர் நேத்து சொல்லல?”

அவர் கோபப்படாமல் சொன்னார். “நீங்க கேக்கல சார்.”

பிறகு இருவரும் புதிய பதில் எழுதினோம். அரைப் பக்கம்தான். நேரம், இடம், அந்தச் செய்தி. ஒடிந்த கையோடு இருக்கும் பையனை டீச்சர் ஆஸ்பத்திரியில் மூன்று முறை பார்த்திருக்கிறார், அதையும் எழுதினோம். ‘கவனக்குறைவு’ இல்லை. திங்கட்கிழமை அவரோடு நானும் கல்வி அலுவலகம் போய், நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும்.

மாலை 6.30, வீடு

திரும்பும் வழியில் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன், இருநூற்று நாற்பது ரூபாய். பஸ்ஸில் மறுபடியும் அதே உப்பளங்கள். நம் ஊர் உப்பளத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. திங்கட்கிழமை நினைப்பிலேயே வந்தேன். அதிகாரி எதிரில் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ, பதிலை ஏற்பார்களோ மாட்டார்களோ. இப்போதும் தெரியவில்லை.

முக்காணிப் பாலத்தில், கிறிஸ்டி, உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். ‘அன்புள்ள அப்பா, என் தவறுக்கு வருந்துகிறேன். இனி இதுபோல் நடக்காது.’ இரண்டே வரி. அதில் கண்ணாடி என்ற சொல்லே இல்லை. எங்கே இருந்தது, எத்தனை மணி, யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் இல்லை. நீதான் உடைத்தாய் என்றுகூட அதில் இல்லை.

நீங்கள் இரண்டு பேரும் இப்போது மக்ரூன் தின்றுகொண்டிருக்கிறீர்கள். டேனி ஏனோ என் முகத்தைப் பார்க்காமலே தின்கிறான். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, பேனாவை மூடிவிட்டு, அங்கே வந்து உட்காரப்போகிறேன். கேட்க வேண்டியதை வியாழக்கிழமையே கேட்டிருக்க வேண்டும்.

கிறிஸ்டி, கண்ணாடி எப்படி உடைந்தது?