முள் நிற்கும் வரை

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பந்தியில் மோருக்குக் காத்திராமல் எழுந்துவிடுகிற ஆள் நான். அந்த அவசரத்தோடுதான் எழுபதுகளில் இடுக்கி மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

இலையைக் காயவைக்கும் டிரையருக்குள் நான்கு இடங்களில் சூட்டை அறியும் கம்பிகள் இருந்தன. நான்குக்கும் சேர்த்து ஒரே மீட்டர். குமிழைத் திருப்பத் திருப்ப ஒவ்வோர் இடத்தின் சூட்டையும் முள் காட்டும். முதல் இடம் அடுப்பு வாய். அங்கேதான் சூடு அதிகம். நான் குமிழை டக் டக்கென்று திருப்பி, நான்கு எண்களையும் ஒரே மூச்சில் நோட்டில் எழுதிவிட்டு, டிரையரைப் பார்த்துக்கொள்பவரிடம் "சூடு கூடியிருக்கு, விறகைக் குறைங்க" என்பேன்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், தூளத் தொட்டா நமுத்த மாதிரி இருக்கு. சூடு பத்தலையோன்னு தோணுது."

"மீட்டரைவிட உங்க கைக்கு ரொம்பத் தெரியுமோ?" என்றேன். அவர் விறகைக் குறைத்தார்.

அனுப்பிய தேயிலை பெட்டிக்குள்ளேயே பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது. ஃபேக்டரியை நடத்தும் துரை என் நோட்டைப் புரட்டினார். விறகைக் குறைத்தபின் சூடு சரியாக இருந்ததாக அதில் எழுதியிருந்தது. அப்படியானால் காயாத தூளை அவசரப்பட்டு வெளியே எடுத்தது டிரையர்காரர்தான் என்று முடிவாயிற்று. அவருக்கு வேலை போனது. வேலை போனால் தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் லயத்து வீடும் போகும். பத்து நாள் கெடு கொடுத்தார்கள்.

அந்தப் பத்து நாளுக்குள் மீட்டரைத் துடைத்துச் சரிபார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். நான் குமிழைத் திருப்பும் வேகத்தைப் பார்த்து, "என்ன சார், முள்ளு நிக்க வேண்டாமா?" என்றார். அன்றுதான் நின்று பார்த்தேன். அடுப்பு வாயிலிருந்து அடுத்த இடத்துக்குத் திருப்பியதும் முள் சாவகாசமாக இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. இத்தனை மாதமும் முந்தைய இடத்தின் மிச்சத்தைத்தான் நான் எழுதியிருக்கிறேன். உள்ளே உண்மையில் சூடு குறைவு; டிரையர்காரரின் கை சொன்னதுதான் சரி.

உண்மையைச் சொல்லத் துரையின் அறைவரை போனேன். நான் இருந்ததும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்தான். மனைவிக்கு ஏழாம் மாதம். கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். இதற்குப் பெயர் கோழைத்தனம். வேறு நல்ல பெயர் தேடி எனக்குக் கிடைக்கவில்லை.

மலையடிவாரத்துக் கம்பம் ஊருக்கு இறங்கும் ஜீப்பில் சட்டிபானைகளை ஏற்றிவிட்டு டிரையர்காரர் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

"நீங்க மீட்டரப் பாத்துச் சரியாத்தான் சொன்னீங்க சார். எனக்குத்தான் எங்கயோ பிசகிருச்சு. இருபது வருசமாத் தூளத் தொட்டுப் பாத்த கை. இனிமே இத நம்ப முடியாதுல்ல சார்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.