கம்பியை அமுக்கும் கை

கொல்லிமலையில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். வாழவந்தி நாட்டு அர்த்தனாரி. அவருக்கு இது பெரிய பெருமை. மலைக்கு இது ஒரு செய்தியே இல்லை.

வயது நாற்பத்து நான்கு. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். இரண்டும் அவரைவிட அவர் மனைவி பாப்பாத்தியைத்தான் அதிகம் பார்த்திருக்கின்றன. அடிவாரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ரியாசுதீனின் இன்னிசைக் குழுவில் பதினோரு வருடமாக வாசிக்கிறார். மேடையில் எல்லோருக்கும் பின்னால், டிரம்ஸுக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் நிற்பார். கல்யாண வீடியோக்களில் பொறுமையாகத் தேடினால் அவருடைய முழங்கை கிடைக்கும்.

“ஏப்பா, மத்தவங்க கிட்டார்ல ஆறு கம்பி இருக்குது, உன்றதுல ரெண்டு அறுந்துபோச்சா?” இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் மலையில் இல்லை. பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பிதான் என்று முதல் இரண்டு வருடம் உட்கார வைத்து விளக்கினார். அப்புறம், “ஆமாங்க, அறுந்துபோச்சுங்க” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பழகிக்கொண்டார்.

செல்போனில் வீடியோ பார்த்தே கற்றவர்தான். ஆனாலும் கற்றதில் கள்ளத்தனம் கிடையாது. பிக் வைத்துத்தான் வாசிப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் அந்தப் பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்து, நுனி மட்டும் ஓர் அரிசி அளவு வெளியே தெரிய, கம்பியை மேலும் கீழுமாக மாறி மாறி மீட்ட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கம்பி அலறும். தளர்த்திப் பிடித்தால் பிக் பறந்துபோய்ப் பாடகியின் கொண்டையில் விழும். இரண்டும் நடந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய வேலை அமுக்குவது. ஒரு கம்பியை மீட்டினால் பக்கத்தில் இருக்கும் மூன்றும் கூடவே முனக ஆரம்பித்துவிடும். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிகளின் அடிமுனையில் பட்டும் படாமலும் வைத்து, இடது கையில் வேலையில்லாத விரல்களை மற்றக் கம்பிகள்மேல் படுக்கப் போட்டு, அவற்றின் வாயை அடைக்க வேண்டும். அப்போதுதான் தும், தும் என்று ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழும். இதற்காக அர்த்தனாரி மூன்று வருடம் வாசலில் உட்கார்ந்து ஒரே கம்பியை மீட்டிக்கொண்டிருந்தார். பாப்பாத்தி பக்கத்தில் மிளகைக் காயப் போட்டுக்கொண்டே, “ஏனுங்க, மூணு கம்பிய வாயடைக்கவா இத்தன பாடு? ஒத்தக் கம்பியா வாங்கியிருந்தா ஆகாதுங்களா?” என்று கேட்டாள். கலைஞர்கள் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்பது அவருடைய கட்சி.

இந்தப் பங்குனியில் ரியாசுதீன் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

“அர்த்தனாரிண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நம்ம பிரேம் கீபோர்டுல இடது கையாலயே பேஸ் வாசிச்சிடறான். வண்டியில எடம் பத்தல. டான்ஸ் ஆடறவங்க ரெண்டு பேர் வேற வாரேங்கறாங்க.”

“பதினோரு வருசம், தம்பி.”

“அதத்தாண்ணே நானும் சொல்றேன். பதினோரு வருசத்துல ஒரே ஒரு ஆள் வந்து, பேஸ் நல்லாருந்துச்சுன்னு சொல்லல. சோளக்காட்டுக் கச்சேரியில யாராச்சும் ஒருத்தர் சொல்லட்டும். உங்கள நான் வண்டிய உட்டு எறக்கல.”

நன்றாக வாசித்தால் யார் காதிலும் தனியாக விழாத சமாச்சாரம் பேஸ். குழம்பைத்தான் பாராட்டுவார்கள், உப்பை யார் பாராட்டுகிறார்கள்? அந்த வண்டியிலும் ஏற முடியாவிட்டால், அப்புறம் அர்த்தனாரி வெறும் மிளகுக்காரர்தான். அதிலும் பாப்பாத்தி அளவுக்குக் கெட்டிக்காரர் இல்லை.

சோளக்காட்டில் பழ வியாபாரிகளின் ஆண்டு விழா. மலையில் கச்சேரி பகலில்தான். கடைசி பஸ் போனால் கூட்டமும் போய்விடும். தகரக் கொட்டகை நிறைந்திருந்தது. விழாத் தலைவர் செல்லமுத்து பலாப்பழ வியாபாரி, முப்பது வருடம் தராசு முன்னால் உட்கார்ந்தவர். எதிரில் நிற்பவனின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே கண் தேய்ந்தவர். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நேராக மேடைக்கு ஏறி வந்தார்.

“ஏப்பா அர்த்தனாரி, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். அவங்கெல்லாம் கையத் தூக்கித் தூக்கி வாசிக்கறாங்க. நீ மட்டும் கம்பிய அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கற. தராசுல கைய வெக்கறவன எனக்குத் தெரியாதா?”

“இல்லீங்க, அமுக்குனாத்தானுங்க சுத்தமா வரும்.”

“சத்தத்துக்குத்தான் உங்களக் கூப்புட்டிருக்கறம். அதப் புடிச்சு வெச்சுக்கிட்டா எப்படி? கைய எடு.”

ரியாசுதீன் சவுண்ட் மிக்ஸர் முன்னாலிருந்து கண்ணைக் காட்டினார். எடுங்கண்ணே என்று அர்த்தம். அடுத்தது குத்துப்பாட்டு. மூன்று வருடம் பாடுபட்டுப் பழகிய கையை எடுக்க அர்த்தனாரிக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. பிக்கை முழுதாக வெளியே நீட்டி, இறுக்கிப் பிடித்து, ஓங்கி அடித்தார். நாலு கம்பியும் சேர்ந்து கத்தின. கூரைத் தகரம் அதிர்ந்தது. என்ன சுரம் என்று வாசித்தவருக்கே தெரியவில்லை. பாடகி பாட்டைத் தொலைத்துவிட்டு வெறுமனே கைதட்டினார். பிரேம் தன் இடது கையை எடுத்துப் பையில் விட்டுக்கொண்டான்.

கூட்டம் எழுந்து விசில் அடித்தது. செல்லமுத்து மைக்கை வாங்கி, “இப்பத்தானுங்க முழு எடை வந்திருக்குது” என்று அறிவித்து, அர்த்தனாரிக்குச் சால்வை போர்த்தினார். பதினோரு வருடத்தில் முதல் சால்வை. அர்த்தனாரி அதைக் கழற்றாமலே மீதிப் பாட்டுகளையும் நாசம் செய்தார்.

“சீட்டு உங்களுதுண்ணே” என்றார் ரியாசுதீன். “ஞாயித்துக்கெழம வாசலூர்பட்டி போட் ஹவுஸ்ல கச்சேரி. இதே மாதிரி, அமுக்காம.”

சாயங்காலம் பாப்பாத்தி கூடையோடு வீடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் கொட்டகைக்கு எதிரில்தான் மிளகு விற்றுக்கொண்டிருந்தாள். சால்வையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவருடைய வலது கையைப் பார்த்தாள்.

“ஏனுங்க, கையிக்கு என்னாச்சு?”

“ஏன்?”

“நாலாம் பாட்டுல இருந்து மத்த கம்பியெல்லாம் கத்திக்கிட்டே கெடந்துச்சுங்களே. நீங்க அப்படி உட மாட்டீங்க. உலக்க போட்ட மாதிரி ஒவ்வொண்ணும் தனியா, சுத்தமா உழுகும். அதக் கேட்டுக்கிட்டே நானும் மொளகு அளந்துக்கிட்டிருப்பேன். இன்னிக்கு என்னமோ மனசே ஒப்பல.”

பதினோரு வருடமாகத் தேடிய அந்த ஒரே ஆள் எதிரில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அர்த்தனாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நடந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம்.

“மணிக்கட்டு புடிச்சுக்கிச்சு. ஞாயித்துக்கெழம வேற கச்சேரி இருக்குது” என்றார்.

பாப்பாத்தி உள்ளே போய் எண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை ஓரம் வரைக்கும் அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாயிருமுங்க” என்றாள்.

ஒரு குறையும் இல்லாத அந்தக் கையை நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.