அசென்லா எந்த நாடு?

பியூட்டி பார்லரில் நாம் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறோம் என்றுதான் ஊர் நினைக்கிறது. நாற்காலியில் சாய்ந்தவர்கள் நம் முகத்தைப் பார்க்கிற பார்வை நமக்கல்லவா தெரியும்!

ஏழு வருஷம் ஷார்ஜாவில் பார்லர் வேலை பார்த்துவிட்டு வந்து, மார்த்தாண்டத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். கொரோனாவுக்கு முந்தின வருஷம் நாகாலாந்திலிருந்து அசென்லா வேலைக்கு வந்தாள். ஆறே மாசத்தில் நம்ம ஊர்த் தமிழ் பேசினாள். அயலூரில் பிழைத்தவர்களே, அயலூர்க்காரரை வைத்துக் கடை நடத்துகிறவர்களே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

நம்ம ஆளு

ஷார்ஜாவில் என்னோடு ரொவேனா என்ற பிலிப்பைன்ஸ்காரி வேலை பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் தொழில் படித்தவர்கள். கைவேலை எனக்குத்தான் சுத்தம் என்று அவளே சொல்லுவாள். ஆனாலும் ஆட்கள் அவளுக்காகத்தான் காத்துக் கிடப்பார்கள்.

ஒருநாள் வந்த அம்மா என்னைக் கண்டதும் போனில் தங்கச்சியிடம் தமிழில் பேசினாள். "இஞ்ச ஒரு கறுத்த இந்தியாக்காரி நிக்கா. அவ கை நமக்கு வேண்டாம், மத்தவ வரட்டு." மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருக்கிற கருங்கல் ஊரின் சுத்தமான பேச்சு. அந்த அம்மாவும் என் நிறம்தான், ஒரு பொட்டு கூடக் குறைவில்லை. நான், "எக்கா, ரொவேனா வர அரைமணி ஆவும், சாய குடிக்கியளா?" என்றேன். அவள் துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ மோளே, நீ நம்ம ஆளா? எந்த ஊரு, எந்தச் சபை, அப்பாக்க பேரு என்ன?"

மேப்பு

அசென்லா வந்த முதல் வாரத்திலேயே ஒருத்தர் அவளை நேபாளம் என்றார், ஒருத்தர் சைனா என்றார். "பாஸ்போர்ட் உண்டா?" என்றுகூட ஒருத்தி என் காதில் கேட்டாள். பதில் சொல்லி வாய் வலித்து, இந்தியா மேப்பு ஒன்று வாங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி, நாகாலாந்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

மறுநாள் பூகோள டீச்சர் ஒருவர் புருவம் திருத்த வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேப்பைப் பார்த்தார். அசென்லாவைப் பார்த்தார். திரும்பவும் மேப்பைப் பார்த்தார்.

"மேப்பு சரிதான் மோளே, முகந்தான் தப்பா இருக்கு."

வியாதி

கொரோனா பரவத் தொடங்கிய நேரம். கடைகளை இன்னும் அடைக்கச் சொல்லவில்லை. ரப்பர் வியாபாரக் குடும்பத்து பிலோமினா அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "அவளை உள்ள போவச் சொல்லு, வியாதி அவளுக்க நாட்டுலயிருந்துல்லா வந்தது." அசென்லா ஒரு வருஷமாக மாவட்டத்தைத் தாண்டவில்லை. அக்காவின் வீட்டுக்காரரோ முந்தின வாரம்தான் பஹ்ரைனிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். வாடிக்கை போய்விடுமே என்று அசென்லாவைப் பின்னறைக்கு அனுப்பினேன். ஊரடங்கில் கடையை அடைத்துத் திறந்த பிறகும் மாசக்கணக்கில் அவள் அங்கேதான் துண்டு துவைத்து மடித்தாள். அன்றைக்கு எனக்கு வந்த வீரமெல்லாம், "உங்க வீட்டுக்காரரும் வெளிநாட்டுலயிருந்துதானே வந்தாவ?" என்று மெதுவாகக் கேட்டதோடு சரி.

"அவரு நம்ம ஆளுல்லா, அவருக்கு ஒண்ணும் வராது!"

வாடகை வீடு

அசென்லாவுக்கு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். மகன் குவைத்தில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் கிடக்கிறான், நல்ல கட்டிடத்தில் கேட்டால் இந்தியர்களுக்கு இல்லை என்கிறார்கள் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அசென்லாவும், "பாவம் அங்கிள்" என்றாள்.

பிறகு நான் வாடகை கேட்டேன். அவர் அசென்லாவை விட்டுவிட்டு என்னிடம் மட்டும் பேசினார்.

"அவனுவ நம்மள மனுசனாட்டே பாக்க மாட்டானுவ மோளே, ஆனா இவிய என்னென்னத்தையோ திம்பாவ, வீடு நாறிப்போவும்."

கிளாஸ் ஃபேஷியல்

காலம் மாறியது. காலேஜ் பிள்ளைகளுக்குக் கொரியன் சீரியல் பைத்தியம் பிடித்தது. பிலோமினா அக்காவின் மகளே வந்து, "அந்தக் கொரியன் அக்கா செய்தாத்தான் எனக்கு வேணும்" என்றாள். எனக்குப் புத்தி வேலை செய்தது. 'கொரியன் கிளாஸ் ஃபேஷியல், முகம் கண்ணாடியாட்டு மின்னும்' என்று போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். அசென்லாவைக் கொரியாக்காரி மாதிரி தலை குனிந்து வணக்கம் சொல்லச் சொன்னேன். பத்து நாள் சொன்னாள். கூட்டம் நெரித்தது.

பதினோராம் நாள் மத்தியானம் அவள் தன் சோற்றுப் பாத்திரத்தோடு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நாங்கள் அத்தனை வருஷமும் ஒன்றாக இருந்து, கறி மாற்றித்தான் சாப்பிட்டோம். மூன்று நாள் தனியாகவே சாப்பிட்டாள். வேலையில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

நாலாம் நாள் போர்டைக் கழற்றினேன். கிழங்கும் மீன்கறியும் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். "தப்புதான் பிள்ளே" என்றேன். அவள் என் பாத்திரத்தை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம்விட்டாள். ஒரு வாய் மென்று முடித்த பிறகுதான் பேசினாள்.

"நேபாளம், சைனா, கொரோனா, கொரியா, நாலு நாட்டுக்குப் போயாச்சு எக்கா, எனக்க ஊருக்கு என்னை எப்பம் விடுவிய?"

ஒரு புருவத்தைத் திருத்த எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. ஒருத்தி என்ன இனம், என்ன தரம் என்று தீர்ப்புச் சொல்ல வாடிக்கைக்காரர்களுக்கும், வெட்கத்தோடு சேர்த்துச் சொல்கிறேன், எனக்கும், அரை நிமிஷமே அதிகமாயிருந்திருக்கிறது.