மேற்குச் சுவரில் ஒட்டு

வேலையிடத்தில் அவரைக் 'கண்ணளவு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சுவரை ஒரு தடவை பார்த்தால் போதும், அதே நிறத்தை வாளியில் கலந்து கொண்டுவந்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பேரை வைத்துத்தான் பிழைப்பு. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லாமல் இருக்குமா?

இப்போது நடப்பது ஆறு மாடி ஹோட்டல். முகப்புச் சுவருக்கு இளஞ்சந்தனம், பால்கனிகளுக்கு அடியில் ஓடும் பட்டைக்குக் காப்பிக்கொட்டை நிறம். ஆர்க்கிடெக்ட் அம்மா மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்த ஜோடி அது. பெயர்ப்பலகை மாட்ட வந்த புண்ணியவான்கள் மூன்றாம் மாடியில் ஒரு கதவளவுக்குச் சுவரைப் பெயர்த்துவிட்டுப் போனார்கள். சிமென்ட் பூசியாகிவிட்டது, நிறம்தான் சேர வேண்டும். கடையில் அதே நம்பர் பெயிண்டை வாங்கி அடித்தால் வெயிலில் வெளுத்த சுவரோடு ஒட்டாது. கண்ணால் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

அந்தக் கண்ணில்தான் ஆறு மாதமாகப் புரை. வெள்ளைச் சட்டைகூட அவருக்குப் பழுப்பாகத் தெரிந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே தெரிந்தால் யார் நம்பி வாளியைக் கொடுப்பார்கள்? மனைவிக்கு மட்டும் சொல்லியிருந்தார். அவளும் அங்கேயே ஜன்னல் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவள். காலையில் எல்லாமே மஞ்சளாகத் தெரிய, மஞ்சளைக் குறைத்து, குத்துமதிப்பாகக் கலந்துவைத்தார். சாரத்தில் இருந்தவர்கள் அடித்து முடித்தார்கள்.

நான்கு மணிக்கு மேற்கு வெயில் சுவரில் நேராக விழுந்தது. ஒட்டுப் போட்ட இடம் நிறம் மாறியிருந்தால் ஒளிய இடம் கிடையாது. அவருக்கோ முழுச் சுவரும் ஒரே பழுப்பு.

"ஒண்ணாத் தெரியுதா?" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

"தெரியுது."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்.

ஆர்க்கிடெக்ட் அம்மா காரை விட்டு இறங்கி, எதிர்ச்சாரிக்குப் போய் நின்று, வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு இவர்களிடம் வந்தார்.

"மூணாவது மாடிக்கு யாரு கலந்தது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க."

பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே என்று அவருக்கு மனசு தாங்கவில்லை.

"இல்லீங்கம்மா, அவ பொய் சொல்றா. நான்தான் கலந்தேன். எனக்குக் கண்ணுல புரை. ஆறு மாசமா மறைச்சிட்டேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

ஆர்க்கிடெக்ட் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒட்டு போட்ட இடமே தெரியல. அதான் யாருன்னு கேட்டேன்."

கண்ணளவு மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நகக்கண்களில் சந்தன நிறம் காய்ந்திருந்தது.

"நீங்க மொதல்ல கண்ணப் பாருங்க," என்றார் ஆர்க்கிடெக்ட் அம்மா அவரிடம். "அதுவரைக்கும் கலக்குறது இவங்க பொறுப்பு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"என் வாளி என்னாச்சு?"

"கொட்டிட்டேன். சாம்பலாட்டம் இருந்துச்சு."

"இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?"

"இருபத்திரண்டு வருஷமா பக்கத்துலதானே நிக்கிறேன்," என்றாள். "நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல."