பத்திரிகை வராத வாரத்து அத்தியாயம்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் அந்த விண்வெளித் தொடரைப் பற்றிச் சண்டை போட்டதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தொடரில் வந்தால்தான் செல்லும், தனியாக வரும் புத்தகத்தில் எழுதியிருப்பது செல்லாது என்று ஒருவர். புத்தகமும் சேர்த்திதான் என்று இன்னொருவர். அப்பாவுக்கு இதில் என்ன தெரியும் என்று என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும். இதே சண்டையில் ஒரு தரம் என் பிழைப்பே போகப் பார்த்தது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் கொடைக்கானல் மலையில் பூம்பாறை வந்து சேர்ந்த இரண்டாம் வருஷம் அது. எழுபதுகள் முடியப்போகிற நேரம். அம்மாவும் இரண்டு தங்கச்சிகளும் என்னை நம்பி இருந்தார்கள். எனக்குப் பூண்டு தரம் பிரிக்கிற ஒரு கொட்டகையில் வேலை; செட் என்போம். பரணில் புகை போட்டுக் காயவைத்த பூண்டை இறக்கி, காம்பையும் வேரையும் அரிந்து, பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று பிரித்துச் சாக்கில் போட வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை எனக்கு. அந்தச் சின்னக் கத்தி என் கைக்கு வரவே இல்லை. செட்டில் பதினோரு பெண்கள். எல்லாரையும்விட நான்தான் மெதுவு.

ஆனாலும் என்னை வைத்திருந்தார்கள். காரணம், நான் சத்தமாகவும் தடுமாறாமலும் வாசிப்பேன். அந்தச் செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பஸ்ஸில் வாரப் பத்திரிகை வரும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே அரிவார்கள். வாசிக்கிறவருடைய குவியலை மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கை எடுத்து அரிந்து முடித்துவிடுவார்கள். வாசிப்பும் அரிவது மாதிரி ஒரு வேலைதான் என்று வைத்திருந்தார்கள்.

கதை இதுதான். பூமியை விட்டு வானத்தில் கிளம்பிய ஒரு கப்பல். போய்ச் சேர எத்தனை வருஷம் ஆகும் என்று அதில் இருப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. அதில் ஒரு கேப்டன். கண்ணாடி அறையில் செடி வளர்க்கும் ஒரு பெண். அவளுடைய புருஷனுக்குத் தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவனைக் குளிர்ப்பெட்டிக்குள் தூங்க வைத்திருந்தார்கள். மூன்று வருஷமாக வாராவாரம் வந்துகொண்டிருந்தது. நன்றாக விற்றதால் அதே ஆட்களை வைத்து வேறு யாரோ எழுதிய மாத நாவல்களையும் போட ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை தொடர் வாசிப்பேன். மற்ற நாட்களில் அந்த நாவல்.

எங்கள் செட்டுக்கு நாவல்தான் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். செட்டை மேய்த்த மேஸ்திரி அக்கா ஒரு நாள் சொன்னது: "மூணு வருசமா போயிக்கிட்டு இருக்காக. தொடர் எழுதுறவன் ஒரு வாரமாச்சும் என்னத்தத் தின்னாகன்னு எழுதுனானா? நாவல்காரன்தான் கஞ்சி வச்சுக் குடுத்தான்."

இதற்கு நேர் எதிரி எங்கள் லாரி டிரைவர். பக்கத்து ஊர் கூக்காலில் உருளைக்கிழங்கு ஏற்றி, எங்களிடம் பூண்டு ஏற்றி, வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். முதல் வாரத்திலிருந்து எல்லா இதழையும் சீட்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். "நாவல்ல கேப்டனுக்குக் கண்ணாடி மாட்டி விட்டுட்டான்க்கா. தொடர்ல அந்தாளுக்குக் கண்ணு பருந்துக் கண்ணு. அதையெல்லாம் கணக்குல சேக்கக் கூடாது" என்பார்.

"வயசானா கண்ணாடி போட மாட்டாகளா? நீயும் போட்டா லாரிய நேரா ஓட்டுவ" என்பாள் மேஸ்திரி அக்கா.

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஐப்பசி மழை பிடித்தது. சரக்கு குறைந்தது. மழை முடிகிறவரை ஆளைக் குறைக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரை நிறுத்துவது என்று மேஸ்திரி அக்காவிடம்தான் கேட்பார். வாசிக்க ஒன்றும் இல்லாவிட்டால் நான் வெறும் மெதுவான கைதானே?

அந்த வாரம் பார்த்து ரோட்டில் மண் சரிந்தது. பஸ் வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கி நடந்து வந்தார்கள். பேப்பர் கட்டும் தலைச்சுமையாக வந்தது. டீக்கடையில் நான் அதைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் பத்திரிகை அதில் இல்லை.

முந்தின வாரம் செடி வளர்க்கிற பெண் கண்ணாடி அறைக்குள் மாட்டிக்கொண்டதோடு விட்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை, காற்று குறைகிறது, தொடரும். ஆறு நாளாக எங்கள் பெண்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். வெறும் கையோடு போனால் மறுநாள் சனிக்கிழமை. வடை மடிக்க அடுக்கியிருந்த பழைய இதழ்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு செட்டுக்குப் போனேன்.

அட்டை தெரியாமல் மடித்துப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவளை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும். கேப்டனை அனுப்பலாம் என்று நினைத்தேன். வாயில் புருஷன் வந்துவிட்டான். குளிர்ப்பெட்டியின் மூடி மெல்லத் திறந்தது, அவன் எழுந்தான், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து கதவை உடைத்தான், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். முடித்துவிட்டு நிமிர்ந்தால் கத்திகள் ஓடவில்லை. முறத்தில் பூண்டுத் தோல் புடைக்கிற அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் போடிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவன். போய் நாலு வருஷம். கடுதாசி இல்லை, ஆள் தகவல் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வாசிக்கும்போது அது என் நினைவிலேயே இல்லை.

அந்தச் சனிக்கிழமை என்னை நிறுத்தவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பஸ் வந்தது, புது இதழும் வந்தது. விட்டுப்போன இதழ் வரவே இல்லை. புதிதில் முன்கதைச் சுருக்கத்தைப் பார்த்தேன். கேப்டன் காற்றுக் குழாயை அறுத்து அவளை வெளியே எடுத்துவிட்டார். புருஷன் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். சுருக்கத்தை விட்டுவிட்டு வாசித்தேன். ‘அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்’ என்று அச்சில் இருக்கும்; ‘அவனோடு உட்கார்ந்திருந்தாள்’ என்று வாய் சொல்லும். கண் ஒரு வரியில், வாய் ஒரு வரியில். அவன் எழுந்து வந்தவன், ஒரு வார்த்தையாவது பேச வேண்டாமா? அதையும் நானே பேசினேன். மூன்று வெள்ளிக்கிழமை இப்படி ஓட்டினேன். வியாழக்கிழமையே சோறு இறங்காது.

சுமை வண்டிகளையும் ரோட்டில் விட ஆரம்பித்த பிறகு லாரி மேலே வந்தது. டிரைவர் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தபோது முறக்கார அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். நான் நாலடி தள்ளி இருந்தேன்.

"அண்ணே, வடுகபட்டிக்குப் போடி லாரியெல்லாம் வரும்ல? எங்க வீட்டு ஆளப் பத்தி ஒரு வார்த்த வெசாரிங்க. ஏலக்காட்டுல யாருக்காச்சும் தெரியும்."

"நாலு வருசமா கேக்காதவ இப்ப என்ன திடீர்னு?"

"கதையில அந்தாளு எந்திரிச்சு வந்துட்டாருல்ல. அன்னியிலருந்து மனசு ஒரு நெலையில நிக்கல."

"எந்த ஆளு?"

"பெட்டிக்குள்ள கெடந்தவரு."

டிரைவர் பென்சிலைக் காதில் செருகினார். "ஆத்தா, அவன் எங்க எந்திரிச்சான்? இன்னும் பெட்டிக்குள்ளதான் கெடக்கான்."

செட்டில் இருந்த அத்தனை பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். காதால் கேட்டோம், கதவை உடைத்தான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான் என்று ஆளுக்கொரு பக்கம். டிரைவர் அசரவில்லை. "அப்ப அது மாத நாவலா இருக்கும். அதான் சொல்றேன், அதக் கேக்காதீகன்னு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னப்பா, நாவல்ல வந்துச்சா?"

எனக்கு அதுவே வழி என்று தோன்றிவிட்டது. "ஆமாண்ணே, நாவலாத்தான் இருக்கும்" என்றேன்.

"எந்த நாவலு? நான் அம்புட்டும் படிச்சிருக்கேனே. திட்டுறதுக்குன்னே படிக்கிறேன்."

மேஸ்திரி அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நாவலு இல்ல. வெள்ளிக்கெழம வாசிச்சது. மண்ணு சரிஞ்ச வாரம்."

"அந்த வார இதழு எங்கிட்ட கெடக்கு. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல வாங்குனேன். மழைக்குப் பெட்டிய எறக்கி வீட்டுல வச்சிருக்கேன், அடுத்த நடைக்குக் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறிப் போனார்.

அடுத்த நடை ஒன்பது நாள் கழித்துத்தான். அந்த ஒன்பது நாளும் நான் பட்டதை எழுதத் தெரியவில்லை. கத்தி இரண்டு தரம் விரலை வெட்டியது. லாரி பழுதாகிவிட வேண்டும் என்று நினைத்தேன்; தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஓடிப்போய்விடலாமா என்றுகூட. எங்கே போவது? அப்போதுதான் தங்கச்சிகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். முறக்கார அக்கா என்னிடம் வழக்கம்போலவே பேசினாள். "டிரைவரு போடி ஆளுகளப் பாத்திருப்பாரு, என்னப்பா?" என்று நாளைக்கு ஒரு தரம் கேட்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லாரி வந்தது. டிரைவர் முதலில் அவளிடம் போனார். போடி ஆட்கள் நாலு பேரிடம் கேட்டாராம், யாருக்கும் தெரியவில்லையாம். பிறகு இதழை எடுத்து மேஸ்திரி அக்கா கையில் கொடுத்தார். அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"வாசி."

டிரைவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நின்றிருக்காவிட்டாலும் அன்று என்னால் மாற்றி வாசித்திருக்க முடியாது என்று சொல்லிக்கொள்ள ஆசை. நிஜம் எனக்குத் தெரியாது. அச்சில் இருந்ததை அப்படியே வாசித்தேன். கேப்டன் குழாயை அறுத்தார். அவள் வெளியே வந்தாள். வந்ததும் குளிர்ப்பெட்டிக்குப் போய்க் கண்ணாடிமேல் கை வைத்துப் பார்த்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அப்ப அன்னிக்கு வாசிச்சது?" என்றாள் மேஸ்திரி அக்கா.

"நானாச் சொன்னது அக்கா. பத்திரிகை வரல. நிப்பாட்டிருவீங்கன்னு பயந்துட்டேன்."

டிரைவருக்கே சங்கடமாகிவிட்டது. "விடுங்கக்கா, நாவல்காரனவிட நல்லாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்.

"வாசிக்கிறேன்னுதான உம் பங்க நாங்க அரிஞ்சோம். பத்திரிகை வரலன்னு சொல்லியிருந்தா உன்னயத் தின்னுருப்பமா?" மேஸ்திரி அக்கா தன் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி என் முன்னால் போட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அள்ளிப் போட்டார்கள். அந்தக் குவியலை முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. முறக்கார அக்கா மட்டும் போடவில்லை. அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை முதலாளி வந்தார். நான் துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். யாரை நிறுத்தலாம் என்று கேட்டார். மேஸ்திரி அக்கா வெட்டுப்பட்ட என் விரலைப் பார்த்தாள். "இவன் இருக்கட்டுங்க. அரியப் பழகட்டும். வாசிப்பெல்லாம் சோலி முடிஞ்ச பெறகு. வெரசா முடிச்சா கேப்போம், இல்லாட்டி இல்ல" என்றாள். அவரிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வாசித்தபோது சுருக்கத்தை விடாமல் வாசித்தேன். புருஷன் குளிர்ப்பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்ற வரி வந்தது. முறக்கார அக்கா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள்.

"பெட்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

"ஓடுதுக்கா. அப்படித்தான் போட்டிருக்கு."

"தூங்குறான்னா உசுரோடதான இருக்கான்" என்றாள், யாரையும் பார்த்துச் சொல்லாமல்.

அதோடு என் பயம் போயிற்று என்று நினைக்காதீர்கள். வேறு பயம் பிடித்துக்கொண்டது. எழுதுகிறவர் எங்கேயோ மெட்ராஸில் இருக்கிறார்; ஏதாவது ஒரு வாரம் அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டால்? இனி நான் ஒரு வார்த்தைகூட மாற்ற முடியாது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் பஸ் ஸ்டாப்பிலேயே நின்று, தூறலில் தாள் நனையாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, அவன் வரும் இடத்தை மட்டும் முதலில் தேடிப் படிப்பேன். கேப்டன், சண்டை, நட்சத்திரம் எதுவும் கண்ணில் படாது. பெட்டி ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் செட்டுக்கு நடப்பேன்.

ஒன்றரை வருஷம் அப்படி நடந்தேன். கொடைக்கானலில் நர்சரி வேலை கிடைத்து நான் பூம்பாறையை விட்டுக் கிளம்பிய வாரம் வரைக்கும் அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான்.