இரண்டு நாத்திகர், இரண்டு கட்சி

எனக்குத் தெரிந்து மாத்தளை டவுனில் நாத்திகர் இரண்டே பேர்தான். ஒருவன் நான், மற்றவன் புடவைக்கடை வைத்திருக்கும் என் முஸ்லிம் நண்பன். இரண்டு பேருக்கும் கட்சி இரண்டு. நான் சொல்லிக்கொள்ளும் கட்சி. படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசையன்று விபூதித் தட்டு வந்தால், எல்லோரும் பார்க்கத் தள்ளிவிடுவேன். அவன் சொல்லாத கட்சி. வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிவாசலுக்குப் போவான். அரை நாத்திகன் என்று கிண்டல் செய்வேன். "ஒனக்கு ஒங்கம்மா மட்டுந்தான் ஏசுவாங்க மச்சான்" என்பான். அதை நான் ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரிவர்ஸ்டன் மலைக்குப் போனோம். பனிமூட்டத்துக்குள் அவன் பிளேன்டீ கோப்பையோடு நின்றது அழகாக இருந்தது. படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டேன். அது நோன்பு மாதம், பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு நோன்பு என்றால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வரும், அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் அவன் போனில் வந்தான். மூச்சு வாங்கியது.

"படத்த அழிச்சிடு. பொஞ்சாதிட நானா பாத்திட்டாரு. கோப்ப ஒன்னோடதுன்னு சொல்லிட்டேன். ஒன்கிட்டதான் கேக்க வந்துகிட்டிருக்காரு. நம்பலன்னா அவளையும் புள்ளைங்களையும் இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவாரு."

போனை வைத்ததும் படத்தை அழித்தேன்.

மனைவியின் அண்ணன் கத்திக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாக வந்து உட்கார்ந்தார். எனக்குப் பயம் கூடியது.

"சேர், அந்தக் கோப்ப யார்ட?"

"என்னோடதுங்க. படம் எடுக்கத்தான் அவர் கையில குடுத்தேன்."

"சத்தியம் பண்ணுவீங்களா?"

"பண்றேன்."

"கடவுள் இல்லன்னு சொல்றவராமே நீங்க. எதுமேல பண்ணுவீங்க?"

என் ஏழு வயது மகள் மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"புள்ளைட தலையில கை வச்சுச் சொல்லுங்க சேர். நான் போயிடுறேன்."

பிள்ளை தலையில் கைவைத்துப் பொய்ச்சத்தியம் செய்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் சொல்லும்போதெல்லாம் சிரித்தவன் நான். இப்போது கை எழவில்லை. எழாவிட்டால் நண்பனின் குடும்பம் போய்விடும். வைத்தேன். சொன்னேன். "மன்னிச்சிடுங்க சேர்" என்று அவர் எழுந்து போனார்.

நண்பன் போனில் அழுதான். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டேன்.

"என்னப்பா?"

ஒன்றுமில்லை என்றேன். அந்த வாரம் முழுக்க அவளை ஸ்கூல் வேனில் ஏற்றவில்லை. நானே கையைப் பிடித்து நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.