பன்னீர்ச் செம்பில் மிதந்த அத்தர்

அத்தர் விற்கிறவன் கடைக்கு முதலில் வருவது மூக்கு. மற்றதெல்லாம் வந்தால் வரும், வராமலும் போகும். கடை போட்டு ஈ ஓட்டியவர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் இது புரியும். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் சில குப்பிகளுமாக நான் உட்கார்ந்த முதல் சாரல் சீசன் அது. என் மாமனாருக்குத் தென்காசியில் தறி. வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் தொழில். எனக்கோ இழை அறுந்தால் முடிச்சுப் போட வராது. போட்டாலும் துணியில் கொப்புளம் மாதிரி நிற்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று மாமனார் வாசல்வரை வந்து சொன்னார்: "மாப்ள, இந்தச் சாரல் முடியிற வரைக்கும் பாப்பேன். யாவாரம் ஓடலைன்னா மறுபேச்சில்லாம தறியில வந்து உக்காந்துரும்."

ஈரக் கை

ஆலங்குளத்துப் பண்ணையார் ஒருவர் அருவியில் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து கையை நீட்டினார். முதல் போணி! பிஸ்மி சொல்லி, இருப்பதிலேயே உயர்ந்த சந்தன அத்தரில் ஒரு சொட்டு வைத்தேன். பாவி அத்தர் படியவே இல்லை. ஈரத்தின்மேல் மிதந்து, வழுக்கி, முழங்கை வழியாகத் தரைக்குப் போய்விட்டது. இன்னொரு சொட்டு வைத்தேன். அதுவும் அதே வழி. மனுஷர் கையை உதறிவிட்டுச் சிரித்தார். "சாயபு, உம்ம சரக்கே எங்கிட்ட ஒட்ட மாட்டேங்கு, நான் எப்படி உம்ம கடையில ஒட்டுவேன்?"

முந்திப் போன வாசம்

அதற்கப்புறம் ஒரு துவாலை வைத்துக்கொண்டேன். துடைத்த கைக்குத்தான் அத்தர். ஆனால் இளவட்டங்களுக்கு அத்தர் ஆகாது, பம்பாய் சென்ட்தான் வேண்டும். அது ஸ்பிரிட்டில் கரைத்தது. செங்கோட்டை வாலிபன் ஒருத்தன், பெண் பார்க்கப் போகிறேன் என்று அதைக் கழுத்திலும் கையிலும் பூசிக்கொண்டு, "ஆகா, என்னா குளிர்ச்சி!" என்று சொக்கிப்போய்க் குதிரை வண்டி ஏறினான். மறுநாள் தொங்கின முகத்தோடு வந்து நின்றான். "சாயபு, வாசம் எனக்கு முந்திப் போயிட்டு. பொண்ணு வீட்டுல இறங்கயில எம்மேல குதிரை வாசந்தான் அடிச்சுது."

வாத்தியார் மூக்கு

பாளையங்கோட்டையில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர், சீசனுக்கு வந்தவர், தினமும் எல்லாக் குப்பியையும் மோந்து பார்ப்பார், ஒன்றும் வாங்க மாட்டார். "மோந்ததுக்கு வாடகையா விவரமாவது சொல்லுங்க" என்று ஒருநாள் மடக்கினேன். சொன்னார். தண்ணீரின் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துகளுக்கும் ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸாம். இதன் பிளஸ் அதன் மைனஸைப் பிடித்துக்கொண்டு கூட்டமாகவே நிற்குமாம். அத்தரும் எண்ணெய்தானே, எண்ணெய்த் துகளுக்கு அந்தப் பக்கங்கள் கிடையாது, அதனால் கூட்டத்துக்குள் இடமும் கிடையாது. ஸ்பிரிட் துகள் சின்னது, பிடிமானம் கொஞ்சம். விட்டால் பறக்கும், பறக்கிறபோது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகும். அதுதான் குளிர்ச்சி. சந்தன அத்தரின் துகள் பெரிசு, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு லேசில் கிளம்பாது. இவ்வளவும் சொல்லி, இன்னொரு குப்பியையும் மோந்துவிட்டு எழுந்தார். "அத்தர் தண்ணிக்கு அழைக்காத விருந்தாளி, சாயபு. எத்தனை தரம் உள்ள தள்ளினாலும் மேல வந்து நிக்கும்."

பன்னீர்ச் செம்பு

தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்குள் ஏதாவது போயிருந்தால்தானே! சாரல் முடியப் போகிறது, குப்பிகளோ பாதிக்குமேல் அப்படியே இருக்கின்றன, தறிச் சத்தம் எனக்குக் குற்றாலம்வரை கேட்கிறது. அப்போதுதான் தென்காசிப் பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்னீர் கேட்டார்கள். வாசம் ஊரைத் தூக்க வேண்டுமாம். தூக்கட்டும் என்று பன்னீரோடு சந்தன அத்தரையும் ஊற்றி, செம்பின் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு வேட்டி நெய்து கொடுத்த என் மாமனாரும் பந்தலில் நின்றார். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் தாய்மாமன்மேல் முதலில் செம்பைச் சாய்த்தார். கழுத்தில் மிதந்துகொண்டிருந்த அத்தர் மொத்தமும் அவருடைய சில்க் ஜிப்பாவில் இறங்கியது. பின்னால் வந்தவர்களுக்கு வெறும் பன்னீர். "கூப்பிட்டு வச்சு எண்ணெயத் தெளிக்கியளா?" என்று தாய்மாமன் கிளம்பிப்போகச் செருப்பைத் தேடினார். மாமனார் என்னைப் பார்த்த பார்வையில் தறி தெரிந்தது. நல்லவேளை, பெண்ணைப் பெற்றவள் முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, அது எண்ணெ இல்ல, அத்தரு! மாப்பிள்ளைக்கு மாமனாச்சே, உங்களுக்குத்தான் மொத மருவாதி. மத்தவுகளுக்கு வெறும் பன்னீருதான்."

ஒட்டிய வாசம்

அடுத்த வாரம் அந்தத் தாய்மாமன் கடையை நோக்கி வருகிறார். அடிக்கத்தான் வருகிறார் என்று குப்பிகளை வாரி மடியில் கட்டினேன். பின்னால் ஒரு பட்டாளமே வேறு. வந்தவர் ஜிப்பாவை என் மூக்கில் பிடித்தார். "வெளுத்தாச்சு, கறை போச்சு, வாசம் போகல. சொந்தக்காரனுவ எம் பக்கத்துலயேதான் நிக்கானுவ. எல்லாத்துக்கும் அதையே குடும்."

அன்றைக்குப் பெட்டி காலி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலிப் பெட்டியைக் கொண்டுபோய் மாமனார் முன்னால் வைத்தேன். திறந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார், தறியை விட்டு இறங்காமலே சொன்னார்: "சரி மாப்ள, தறி தண்ணின்னா நீரு எண்ணெ. எத்தனை அமுக்கினாலும் மேலதான் வருவீரு. போய் அத்தரையே வித்துக்கிடும்."

அன்று முதல் எங்கள் வீட்டில் எல்லாரும் நெய்கிறார்கள், நான் ஒருத்தன்தான் மிதக்கிறேன்.